பெண்கடலில் கேட்ட மூச்சு

பரமக்குடிக்குத் தெற்கே, மழையை நம்பி விதைக்கிற ஓர் ஊரில் பிறந்தவள் நான். எங்கள் மாவட்டத்தின் ஒரு பக்கம் முழுக்கக் கடல்தான். இருந்தும் இருபத்தெட்டு வயது வரை எனக்குக் கடல் என்றால் அமாவாசைக்கு ராமேஸ்வரம் போய், கூட்டத்தோடு கூட்டமாக முங்கி எழுந்து, ஈரத்துணியோடு கோயிலுக்கு நடக்கிற இடம். அதற்குமேல் அதைப் பற்றி நான் யோசித்ததில்லை. எங்கள் வீட்டில் தண்ணீர்ப் பேச்சு என்றால் கண்மாய்ப் பேச்சு. வைகையில் திறந்துவிட்டார்களா, கால்வாயில் வந்து சேர்ந்ததா, யார் வயலுக்கு முதலில் பாய்ந்தது, அவ்வளவுதான். குடிக்கவும் ஆகாது, பாய்ச்சவும் ஆகாது, அவ்வளவு தண்ணீரை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அய்யா ஒருமுறை ராமேஸ்வரம் கரையில் நின்று கேட்டது ஞாபகம் இருக்கிறது. எங்கள் பக்கம் அப்பாவை அய்யா என்றுதான் கூப்பிடுவோம்.

படித்து முடித்து பெங்களூரில் ஒரு கணினி நிறுவனத்தில் சேர்ந்தேன். வெளிநாட்டில் இருக்கும் சின்னச் சின்னத் தங்கும் விடுதிகள் எங்கள் மென்பொருளை வைத்து அறைகளைப் பதிவு செய்யும். ஏதாவது கோளாறு என்றால் எங்களைக் கூப்பிடுவார்கள், சரிசெய்து கொடுப்போம். அவர்களுக்கு விடியும்போது எங்களுக்கு மதியம். அதனால் எனக்கு மதியச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் வேலை தொடங்கும். எங்கிருந்து வேண்டுமானாலும் வேலை பார்க்கலாம் என்று நிறுவனம் சொன்னதும் அறையைக் காலி செய்துவிட்டு ஊருக்கு வந்தேன். ஊரில் மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் மட்டும்தான் சிக்னல். வெயிலில் குடையைப் பிடித்துக்கொண்டு, மடிக்கணினியை மடியில் வைத்து ஆங்கிலத்தில் பேசிக்கொண்டிருப்பேன். கீழே தெருவில் போகிறவர்கள் நின்று அண்ணாந்து பார்ப்பார்கள்.

அந்த நேரத்தில்தான் என்னோடு வேலை பார்த்த புனேக்காரப் பெண் ஒருத்தி ஒருநாள் திரையில் கேட்டாள். “ராமேஸ்வரம் உன் மாவட்டம்தானே? அங்கே காற்றாடியைப் பிடித்துக்கொண்டு கடல்மேல் சறுக்கச் சொல்லித் தருகிறார்களாமே! நான் வருகிறேன், நீயும் வா.” அப்படி ஒன்று அங்கே இருப்பதே எனக்குத் தெரியாது. காலையில் பரமக்குடியில் ரயிலேறினால் உச்சிவெயிலுக்குள் போய்ச் சேர்ந்துவிடும் இடத்தைப் பற்றி, புனேயிலிருந்து ஒருத்தி எனக்குச் சொல்லவேண்டியிருந்தது.

நாங்கள் போனது ஆடி மாதம். கச்சான் காற்று, அதாவது தென்மேற்குக் காற்று, முழு வீச்சில் அடித்துக்கொண்டிருந்த நேரம். பனைமரங்கள் எல்லாம் ஒரே பக்கமாகத் தலையைச் சாய்த்திருந்தன. மணலில் நடந்து ஒரு மேட்டைத் தாண்டியதும் தெற்குக் கடல் தெரிந்தது. அதற்கு மேலே, வானத்தில், சிவப்பும் மஞ்சளும் நீலமுமாகப் பெரிய பெரிய பிறைகள். ஒவ்வொரு பிறைக்குக் கீழேயும் கயிற்றின் நுனியில் ஒரு மனிதர் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போனார். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவர்களில் ஒரு பெண் அலையின் முதுகில் ஏறி, அப்படியே தண்ணீரை விட்டு எழும்பி, ஒரு பனை உயரத்தில் தொங்கினாள். விழப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் விழவில்லை. ஒரு இறகு இறங்குவதுபோல் இறங்கி, மறுபடி தண்ணீரைத் தொட்டு, போய்க்கொண்டே இருந்தாள். என் வாயெல்லாம் மணல். வாயைத் திறந்தபடி நின்றிருக்கிறேன் என்று அப்போதுதான் தெரிந்தது.

புனேக்காரி விடுப்பு முடிந்து கிளம்பினாள். நான் கிளம்பவில்லை.

பாம்பனிலிருந்து ராமேஸ்வரம் போகிற சாலையில், ஒரு வீட்டு மாடியில் அறை கிடைத்தது. கீழே ஓர் அக்கா குடும்பம். அக்காவின் கணவர் கடலுக்குப் போகிறவர். அக்காவின் தம்பிதான் கரையில் எங்களுக்குச் சறுக்கக் கற்றுக்கொடுத்தவர். எல்லோரும் அவரை ‘மாஸ்டர்’ என்றே கூப்பிட்டார்கள். தீவு அந்த இடத்தில் ஒடுங்கிக் கிடக்கும். வீட்டு வாசலிலிருந்து ஒரு பக்கம் நடந்தால் வடக்குக் கடல், மறுபக்கம் நடந்தால் தெற்குக் கடல். வடக்கே இருப்பதைப் பெண்கடல் என்கிறார்கள், தெற்கே இருப்பதை ஆண்கடல். பெண்கடல் பெரும்பாலும் அமைதியாகக் கிடக்கும். ஆண்கடல் அலையடித்துக்கொண்டே இருக்கும். ஒரே ஊரில் இரண்டு கடல் இருக்கும் என்பதை என்னால் நெடுநாள் நம்பவே முடியவில்லை. காலையில் ஒன்றைப் பார்த்துவிட்டு, அது பொய்யாகிவிடுமோ என்பதுபோல் ஓடிப்போய் இன்னொன்றையும் பார்த்துவிட்டு வருவேன்.

மாடியில் ஜன்னல் ஓரமாக மேசை. உப்புக் காற்றில் மடிக்கணினியின் பொத்தான்கள் பிசுபிசுக்கும். ஈரத்துணியால் துடைத்துக்கொண்டே இருக்கவேண்டும். சில நாள் கைப்பேசி கடலைத் தாண்டியிருக்கும் நாட்டின் சிக்னல் கோபுரத்தைப் பிடித்துக்கொண்டு, ‘எங்கள் நாட்டுக்கு நல்வரவு’ என்று செய்தி அனுப்பும். அறையை விட்டு நகராமலே வெளிநாடு போய்விட்டேன் என்று அக்கா சிரிப்பார். போர்ச்சுகல் நாட்டில் விடுதி நடத்தும் ஓர் அம்மாள் ஒருநாள் பேச்சின் நடுவே, “உன் பின்னால் ஏதோ ரயில் போய்க்கொண்டே இருக்கிறதே, எவ்வளவு நீளமான ரயில்?” என்று கேட்டார். அது காற்று என்றேன். அவர் கொஞ்ச நேரம் அதைக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, பிறகுதான் தன் கோளாறைச் சொன்னார்.

காலை முழுக்க எனக்குக் கடல். கற்றுக்கொள்வது நினைத்ததுபோல் இல்லை. இடுப்பில் ஒரு பட்டை கட்டி, அதில் காற்றாடியின் கயிறுகளை மாட்டிவிடுவார்கள். கையில் ஒரு கம்பி. கம்பியை நம் பக்கம் இழுத்தால் காற்றாடி வேகம் எடுக்கும், விட்டால் அடங்கும். பயத்தில் மனிதக் கை செய்வது ஒன்றே ஒன்றுதான்: இறுக்கிப் பிடிக்கும். நான் இறுக்கிப் பிடிக்கப் பிடிக்கக் காற்றாடி என்னைத் தரதரவென்று தண்ணீரில் இழுத்துக்கொண்டு போகும்.

“விடுங்கக்கா! கம்பிய விடுங்க! விட்டாத்தேன் நிக்கும்!” என்று மாஸ்டர் பின்னால் கத்திக்கொண்டே ஓடிவருவார்.

மூக்கிலும் வாயிலும் உப்புத் தண்ணீர் ஏறும். ஒருமுறை சொறிமீன் உரசி, கால் முழுக்கத் தடித்துவிட்டது. இரண்டு நாள் கட்டிலில் கிடந்தேன். மூன்றாம் நாள் மறுபடி போய் நின்றேன்.

ஒரு காலை, எப்படி என்று இன்றைக்கும் எனக்குச் சொல்லத் தெரியாது, பலகை என் காலுக்கடியில் நின்றது. இழுப்பும் சறுக்கலும் ஒன்றாகி, உடம்பு லேசாகி, நான் கடல்மேல் நின்றுகொண்டு போனேன். எஞ்சின் இல்லை, துடுப்பு இல்லை. எங்கோ தூரத்திலிருந்து கிளம்பி வந்த காற்று என்னைத் தூக்கிக்கொண்டு போகிறது. எங்கள் ஊரில் இதே காற்றைத்தான் நாங்கள் ஆடிக்காற்று என்று திட்டுவோம். கூரையைப் பிய்க்கும், கண்ணில் மண்ணைப் போடும். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. கரைக்கு வந்து மணலில் மல்லாந்து படுத்துக்கொண்டேன். மேலே வானம். உடம்பு இன்னும் ஓடிக்கொண்டே இருந்தது.

சிக்கல் அங்கிருந்துதான் ஆரம்பித்தது. சில மாதம் கழித்து நான் சறுக்கி, அலையிலிருந்து எழும்பித் தொங்குவதை யாரோ படம் பிடித்து இணையத்தில் போட்டுவிட்டார்கள். அது சுற்றிச் சுற்றி எங்கள் ஊர் டீக்கடைக்கு வந்து சேர்ந்தது. அம்மா போனில் சொன்னாள்.

“உங்கய்யா டீ குடிக்கப் போன மனுசன் குடிக்காம திரும்பி வந்துட்டாருடி. ‘ஒங்க மக வானத்துல தொங்குது, கம்பெனி வேலைன்னு சொன்னீகளே’ன்னு எவனோ போனைக் காட்டிருக்கான். அன்னையிலேருந்து வாயே தொறக்க மாட்டேங்கிறாரு.”

“நீ என்னம்மா சொன்ன?”

“நான் என்னத்தச் சொல்ல? நானும் பாத்தேன். எம்புட்டு உசரம்டி அது!”

பங்குனியில், மிளகாய்ப் பழம் பறித்து முடித்த கையோடு, அய்யா சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றார். கையில் ஒரு மஞ்சள் பை, தோளில் குண்டு மிளகாய் கட்டிய சாக்குப் பொட்டலம். வாசலில் நின்றவர் என்னைப் பார்க்கவில்லை. ரயில் வந்த திசையையே திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“வாங்கய்யா. போன் பண்ணியிருந்தா ஸ்டேஷனுக்கு வந்திருப்பேன்ல?”

“பாலத்துல வரும்போது கீழ பாத்தேன்த்தா” என்றார். “ரெண்டு பக்கமும் தண்ணி. முன்ன ஒருவாட்டி வந்தப்ப கூட்டத்துல நின்னுக்கிட்டு வந்தேன், ஒண்ணும் தெரியல. இன்னைக்கு ஜன்னலோரம். மண்ணே இல்ல. ரயிலு எதும்மேல போகுதுன்னே தெரியல.”

கோபத்தோடு வந்தவர் அந்தக் கோபத்தைப் பாலத்தில் எங்கோ கொஞ்சம் தவறவிட்டுவிட்டார் என்று எனக்குத் தோன்றியது. முழுவதும் இல்லை. அக்கா கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டு, மாடிக்கு வந்து, கட்டிலில் உட்கார்ந்து, நேராக விஷயத்துக்கு வந்தார்.

“என்ன வேலைத்தா பாக்குற நீ? நான் பாக்கணும்.”

“பாருங்கய்யா. இப்ப ஆரம்பிச்சிரும்.”

அன்றைக்கு வெளிநாட்டில் இருப்பவர்களும் சேர்ந்து எங்கள் குழு முழுவதும் திரையில் கூடுகிற நாள். நான் காதில் ஒலிக்கருவியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். அய்யா எனக்குப் பின்னால் கட்டிலில், இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றி, பஞ்சாயத்துக்கு வந்தவர்போல் உட்கார்ந்திருந்தார். திரையில் சின்னச் சின்னக் கட்டங்களில் முகங்கள் வந்தன. ஒரு விடுதியில் ஒரே அறையை இரண்டு குடும்பத்துக்குப் பதிவு செய்துவிட்ட கோளாறைப் பற்றி நான் விளக்கிக்கொண்டிருந்தேன். நடுவில் ஒருவர் என்னை நிறுத்தி, “பின்னால் இருப்பது உன் அப்பாவா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். எல்லாக் கட்டங்களிலும் கைகள் உயர்ந்து அசைந்தன.

“அய்யா, உங்களுக்கு வணக்கம் சொல்றாங்க.”

அய்யா சட்டென்று எழுந்தார். தோள் துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டு, திரையைப் பார்த்து இரண்டு கையையும் கூப்பினார். “எல்லாரும் நல்லா இருங்க. சாப்டீகளா?” என்றார். நான் மொழிபெயர்த்தேன். இன்னும் சாப்பிடவில்லை, இங்கே இப்போதுதான் விடிகிறது என்றார் ஒருவர். ஜன்னலுக்கு வெளியே மதிய வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. அய்யா வெயிலைப் பார்த்தார், திரையைப் பார்த்தார். பிறகு மெதுவாக உட்கார்ந்துகொண்டார். அதன்பின் நான் வேலையை முடிக்கும்வரை எழவே இல்லை.

இரவு சாப்பிடும்போது கேட்டார். “அந்தாளுக்கு அப்பத்தேன் விடிஞ்சுச்சா?”

“ஆமாய்யா.”

“நெசமாவே?”

“நெசமாவேதான்.”

“நம்ம உச்சிவெயில்ல நிக்கிறப்ப அங்கன ஒருத்தன் பல்லு விளக்குறான்” என்றார் தனக்குத் தானே. அவருக்குப் பூமி உருண்டை என்பது தெரியும். பத்தாவது வரை படித்தவர். ஆனால் அதை அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தார். அவர் முகத்தைப் பார்த்தபோது, நான் தினமும் பார்த்துப் பார்த்துச் சாதாரணமாகிப்போன அந்தக் கட்டங்கள் எனக்கும் புதிதாகத் தெரிந்தன.

வேலை என்ன என்பது தெரிந்துவிட்டது. அடுத்தது அந்தத் தொங்கல். அதையும் காட்டிவிடலாம் என்றால் காற்றே இல்லை. பங்குனியில் கச்சானும் கிடையாது, வாடையும் கிடையாது. இரண்டு கடலும் தூங்கும். மறுநாள் விடியலில் அய்யாவை வடக்குக் கரைக்கு, பெண்கடலுக்கு, அழைத்துப் போனேன். தண்ணீர் தகடுபோல் கிடந்தது. வானமும் கடலும் எங்கே சேர்கின்றன என்று கோடு போட முடியவில்லை; நங்கூரம் போட்டிருந்த வள்ளங்கள் வானத்தில் நிற்பதுபோல் இருந்தன.

மாஸ்டர் அங்கே பலகைகளைக் கழுவிக்கொண்டிருந்தார். அவற்றில் ஒன்று பெரியது, இரண்டு பேர் உட்காரலாம். துடுப்புப் போட்டுப் போவது. அதைப் பார்த்ததும் எனக்கு ஒரு யோசனை வந்தது.

“அய்யா, இதுல ஏறி வாரீங்களா? காத்து இல்ல, ஆழமும் இல்ல. சும்மா ஒரு சுத்து.”

“நானா?”

“பயமா இருந்தா வேணாம்யா.”

அய்யாவுக்கு அந்த வார்த்தை பிடிக்கவில்லை. “எனக்கென்ன பயம்? கெணத்துல தலைகீழாக் குதிச்சவன்த்தா நானு” என்றார். வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டினார். மாஸ்டர் பனியனுக்கு மேலே மிதவைச் சட்டையை மாட்டி, பட்டைகளை இழுத்துப் பூட்டிவிட்டார். “நானும் பக்கத்துலயே வாரேன்யா, தைரியமா உக்காருங்க” என்று இன்னொரு பலகையில் ஏறிக்கொண்டார்.

அய்யா முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். நான் பின்னால் மண்டியிட்டுத் துடுப்புப் போட்டேன். முதலில் பலகையின் இரண்டு விளிம்பையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். கரை கொஞ்சம் விலகியதும் ஒரு கையை விட்டார். பிறகு இன்னொரு கையை. பிறகு குனிந்து தண்ணீருக்குள் பார்த்தார்.

“ஏத்தா!”

“என்னய்யா?”

“புல்லுத்தா! கடலுக்கு அடியில புல்லு!”

நானும் பார்த்தேன். கண்ணாடிபோல் இருந்த தண்ணீருக்கு அடியில், கண் போகிற தூரம்வரை பச்சை. வயலில் நாற்று வளர்ந்து நிற்பதுபோல், நீரோட்டத்துக்கு எல்லாம் சேர்ந்து ஒரு பக்கம் சாய்ந்து, எல்லாம் சேர்ந்து நிமிர்ந்தன. இடையிடையே வெள்ளி ஊசிகளாய் மீன்குஞ்சுகள். அதன்மேல் எங்கள் பலகையின் நிழல் போய்க்கொண்டிருந்தது. மாதக்கணக்கில் அந்தக் கடலில் விழுந்து எழுந்தவள் நான். ஆனால் எப்போதும் காற்று அடிக்கும்போது, கலங்கிய தண்ணீரில். இதை நான் பார்த்ததே இல்லை.

“யாரு வெதச்சது?” என்று கேட்டார் அய்யா. விளையாட்டாகக் கேட்கவில்லை. “உப்புத் தண்ணியில ஒண்ணும் முளைக்காதும்பாக. இம்புட்டு வெள்ளாமை இங்கன கெடக்கு, ஒருத்தனும் சொல்லலியே!”

அவர் சொல்லி வாய் மூடவில்லை, யாரோ நீளமாகப் பெருமூச்சு விட்டார்கள்.

அய்யா களைத்துவிட்டார் என்று நினைத்தேன். அவர் திரும்பி என்னைப் பார்த்தார்; நான்தான் மூச்சு வாங்குகிறேன் என்று அவர் நினைத்திருக்கிறார். அந்தப் பக்கம் மாஸ்டர் துடுப்பை மடியில் வைத்துவிட்டு, ஒரு கையை மட்டும் உயர்த்தினார். அசையாதீர்கள் என்று அர்த்தம்.

எங்களுக்கு இடது பக்கம், ஒரு மாட்டுவண்டி நீளத் தூரத்தில், தண்ணீரில் இரண்டு துளைகள் தெரிந்தன. பக்கத்துப் பக்கத்தில், மூக்குத் துளைகள். அவை மூடிக்கொண்டன. அதன்பின் ஒரு முதுகு மெல்ல எழும்பி வளைந்தது. சாம்பல் நிறம், ஈரப் பாறைபோல. அது போய்க்கொண்டே இருந்தது, முடியவே இல்லை. கடைசியில் மீன் வால்போல் பிளந்த ஓர் அகலமான வால், சத்தமே இல்லாமல் தண்ணீருக்குள் இறங்கியது.

“ஆவுளியா” என்றார் மாஸ்டர், உதடு மட்டும் அசைய. கடல்பசுவை அந்தக் கரையில் அப்படித்தான் சொல்வார்கள்.

நான் துடுப்பைத் தண்ணீரிலிருந்து எடுத்துவிட்டேன். பலகை தானாக நின்றது. சொட்டுகள் துடுப்பிலிருந்து ஒவ்வொன்றாக விழுகிற சத்தம் பெரிதாகக் கேட்டது. பிறகு கீழே, அந்தப் பச்சை வயலின் மேல், ஒரு நிழல் எங்களை நோக்கி வந்தது. எங்கள் பலகையைவிட நீளமான நிழல். அதன் விலாவோடு ஒட்டிக்கொண்டு இன்னொரு சின்ன நிழல். கன்று.

தாய் எங்களுக்கு அடியிலேயே போனது. அவசரமே இல்லை. அதன் முதுகில் பழைய கீறல்கள் வெள்ளைக் கோடுகளாய் இருந்தன. முன்பக்கத்தில் இரண்டு கைகள்போல் துடுப்புகள். மூஞ்சி கீழ்நோக்கி வளைந்து, புல்லை ஒட்டியே போனது. கன்று மட்டும் கொஞ்சம் விலகி, எங்கள் பக்கம் வந்து, அய்யாவுக்கு நேரே மேலே எழும்பியது. அவர் கை நீட்டினால் தொட்டுவிடலாம். சின்ன மூக்கைத் தண்ணீருக்கு வெளியே நீட்டி, ‘பூஸ்’ என்று ஒரு மூச்சு விட்டது. அந்த மூச்சின் ஈரம் அவர் முழங்காலில் தெறித்தது. பொட்டுப்போல் ஒரு கண், ஒரு கணம் அவரைப் பார்த்ததா, வானத்தைப் பார்த்ததா, தெரியாது. அய்யாவின் வலது கை தானாக நீண்டு, தண்ணீருக்கு மேலே ஒரு சாண் உயரத்தில், விரல்களை விரித்தபடி நின்றது. தொடவில்லை. ஆசீர்வதிக்கிற கை அப்படித்தான் இருக்கும். வாங்கிக்கொள்கிற கையும் அப்படித்தான் இருக்கும்.

கன்று மூழ்கியது. இரண்டு நிழலும் சேர்ந்தன. பச்சையில் கொஞ்ச தூரம் தெரிந்து, பிறகு எது நிழல் எது புல் என்று தெரியாமல் போயின.

பலகையைச் சுற்றி மட்டும் தண்ணீரில் சின்னச் சின்ன வளையங்கள் விரிந்துகொண்டே இருந்தன. காற்று இல்லையே, எங்கிருந்து என்று பார்த்தேன். கன்று போன பக்கமாக அய்யா சாய்ந்து சாய்ந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அய்யா?”

“ஒண்ணுமில்லத்தா. இரு.” அவர் இன்னும் கையை மடக்கவில்லை. “பசுவு மாதிரியே மூச்சு விடுதுத்தா. நம்ம தொழுவத்துல நிக்கிற மாதிரி… அதே மூச்சு.”

மாஸ்டர் பலகையைப் பக்கத்தில் கொண்டுவந்தார். “சின்னப்புள்ளையா இருக்கப்ப ஒண்ணு செத்து ஒதுங்குச்சுய்யா, அதைத்தேன் பாத்திருக்கேன். எங்கப்பா தூரத்துல பாத்திருக்கேன்னு சொல்வாரு. உசுரோட, இம்புட்டுக் கிட்டக்க, கன்னோட… இன்னைக்குத்தேன் பாக்குறேன்.” பிறகு கீழே கையைக் காட்டினார். பச்சைக்கு நடுவே மண் தெரிய, கோணல்மாணலாக நீளக் கோடுகள் இருந்தன. “அது மேஞ்ச தடம்.”

கரைக்கு வந்ததும் அய்யா மிதவைச் சட்டையைக் கழற்றக்கூட மறந்து மணலில் உட்கார்ந்துவிட்டார். வெயில் ஏறியது. வள்ளங்கள் கிளம்பின. வீட்டுக்குப் போகலாம் என்று நான் கூப்பிட்டதற்கு, நீ போத்தா, நான் வாரேன் என்றார். நான் போகவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தேன். அவராகவே பேசினார்.

“ஒன்னையக் கையோட கூட்டிட்டுப் போகணும்னுதேன் வந்தேன்.”

“தெரியும்யா.”

“ஊர்ல ஒவ்வொருத்தனும் ஒவ்வொண்ணு சொல்றான். எனக்கும் தெரியல, என்ன சொல்லன்னு. பொம்பளப்புள்ள தனியா ஒரு தீவுல என்ன பண்ணுதுன்னு கேட்டா, என்ன சொல்றது?” கடலைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “நான் அறுபது வருசமா இந்த மாவட்டத்துல இருக்கேன். இங்கருந்து நம்ம கொல்லை எம்புட்டுத் தூரம்? வறண்ட மண்ணு, தண்ணியில்லாத காடுன்னு நானே எத்தனை தடவை சொல்லியிருப்பேன். அதே மண்ணோட ஓரத்துல இது மேயுது. நான் பாக்காமலே போய்ச் சேந்திருப்பேன்.”

நானும்தான் பார்க்காமலே இருந்திருப்பேன்; அவரை அந்தப் பலகையில் ஏற்ற வேண்டும் என்று தோன்றாமல் போயிருந்தால்.

அன்று மதியம் வேலைக்கு உட்கார்ந்தேன். முதலில் கூப்பிட்டவருக்கு என்ன கோளாறு என்று அவர் இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது. பொத்தான்களைத் தட்டிக்கொண்டிருந்த என் விரல்கள் என்னுடையவைதானா என்று பார்த்துக்கொண்டேன். ஜன்னலுக்கு வெளியே தெரிந்த நீலம் நேற்றுவரை எனக்கு ஒரு பரப்பு, சறுக்குவதற்கான இடம். இன்றைக்கு அதற்கு உள்ளே வயல் இருந்தது, மேய்ச்சல் இருந்தது, தாயும் கன்றும் இருந்தன. நான் திரையில் பேசிக்கொண்டிருந்த அந்த நேரத்தில் அவை எங்கோ மூச்சு விட மேலே வந்து போய்க்கொண்டிருந்தன.

மறுநாள் அய்யாவை ரயிலேற்றிவிட்டேன். மிளகாய்ப் பொட்டலத்தை அக்காவிடம் கொடுத்தாயிற்று; அதற்குப் பதிலாக அக்கா கொடுத்த கருவாட்டுப் பை அவர் கையில் இருந்தது. ஜன்னலோர இடம் கேட்டு உட்கார்ந்தார்.

“ஊர்ல கேட்டா நான் சொல்லிக்கிறேன். நீ வேலையப் பாரு” என்றார். ரயில் நகரும்போது தலையை நீட்டி, “அது மறுபடி வந்தா சொல்லுத்தா, எந்நேரம்னாலும் போன் பண்ணு” என்றார்.

இரண்டு நாள் கழித்து அம்மா அழைத்தாள். எடுத்ததும் சண்டைக்கு வந்தாள்.

“என்னடி பண்ணுன உங்கய்யாவ? கூட்டிட்டு வாரேன்னு போன மனுசன் கருவாட்டத் தூக்கிக்கிட்டு வந்து நிக்கிறாரு. கேட்டா கடலுக்குள்ள புல்லு மொளச்சிருக்குங்கிறாரு, மாடு மேயுதுங்கிறாரு. டீக்கடையில எல்லாருக்கும் இதையே சொல்றாராம். வெயில் ஏறிருச்சாடி மனுசனுக்கு?”

“நெசந்தாம்மா. நானும் பாத்தேன்.”

பின்னால் அய்யாவின் குரல் கேட்டது: “அந்த மூச்ச எப்படி விட்டுச்சுன்னு கேளு. நான் செஞ்சு காட்டுனா சிரிக்கிறேல்ல, அவகிட்டயே கேளு.”

“எப்படிடி விட்டுச்சு?” என்றாள் அம்மா.

ஜன்னலை மூடிவிட்டு, கைப்பேசியை வாய்க்குப் பக்கத்தில் வைத்து, முதலில் தாயின் மூச்சை நீளமாக விட்டுக் காட்டினேன். பிறகு கன்றின் மூச்சை, சின்னதாக, ‘பூஸ்’ என்று. மறுமுனையில் அம்மா சிரிக்கவில்லை. அவளுடைய மூச்சு மட்டும் கேட்டது.

“சித்திரையில கொல்லையில ஒண்ணும் வேலையில்ல” என்றாள் கடைசியில். “நானும் வாரேன்.”